எபனேசர் கடை ராட்செட்

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. ஒரு மில் வாசலில் பத்தொன்பது வருஷம் டைம்கீப்பராக உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும். காலைச் சங்கு ஊதிய பிறகு ஓடி வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பெரியப்பா செத்துப் போயிருப்பார். ஒரே பெரியப்பாவை மூன்று தடவை புதைத்தவனை எனக்குத் தெரியும். இப்படிப்பட்ட ஆட்கள் மத்தியில் நாளெல்லாம் இருந்துவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்ததும் நம்பிக்கையை எங்கே போய்த் தேடுவான்?

என் பெயர் தேவபிரசாதம். சொந்த ஊர் நாசரேத், பிழைப்பு தூத்துக்குடி. ஒரே மகள் கிருபை. எழுபத்திமூன்றில், புது ஹார்பர் கட்டுகிற வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, அவள் அங்கே ஆபீசில் டைப்பிஸ்ட். வயது இருபத்தேழு. அந்த வயதில் எங்கள் ஜனத்துப் பெண்கள் இரண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதுவரை வந்த மூன்று வரனையும் நான்தான் தட்டிவிட்டேன். ஒருவன் படிப்பைக் கூட்டிச் சொன்னான். ஒருவன் சட்டையில் சிகரெட் வாடை. மூன்றாமவனிடம் ஒரு குறையும் அகப்படவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நாலாவது வரனை ஜெபசிங் வாத்தியார் கொண்டுவந்தார். பையன் பெயர் எபனேசர். சாத்தான்குளத்துக் குடும்பம், தகப்பனார் இல்லை, தாயாரோடு இருக்கிறான். கிரேட் காட்டன் ரோட்டில் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், சாக்கெட் எல்லாம் விற்கிற சின்னக் கடை சொந்தமாக வைத்திருக்கிறான். வாத்தியார் போட்டோவை மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார்.

"முப்பத்தொரு வயசு வரைக்கும் இவன் ஏன் கட்டாம இருக்கான்?" என்றேன்.

"உங்க மகளுக்கு இருபத்தேழு வரைக்கும் ஏன் ஆவலன்னு அவிய வீட்டுலயும் கேப்பாவ" என்றாள் அற்புதமணி. என் பெண்டாட்டி. அவள் பிறப்பதற்கு முன்னால் அவள் வாய் பிறந்துவிட்டது.

அப்போதுதான் கிருபை அடுக்களையிலிருந்து வந்து நின்றாள். அதற்கு முந்தி எந்த வரனைப் பற்றியும் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அப்பா, இவர எனக்குத் தெரியும். சபை கன்வென்ஷன் கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போன பிறவும் ஒத்தையில நின்னு பெஞ்சு எல்லாம் அடுக்கிக்கிட்டு இருந்தாரு. பேசுனதெல்லாம் இல்ல, பாத்ததுதான். எனக்குப் பிடிச்சிருக்கு. இந்தத் தடவை தட்டிவிட்டுராதீய."

என் மகள் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அதனாலேயே, இந்தப் பயலை நன்றாக விசாரிக்காமல் விடக்கூடாது என்று முடிவு செய்தேன். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறாள். நாளைக்கு இவன் அவளை ஏமாற்றினால் நான் எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பேன்?

எங்கள் பக்கம் விசாரிப்பது என்றால் பையனின் தெருவில் கேட்பார்கள், சபையில் கேட்பார்கள், வேலை பார்க்கிற இடத்தில் கேட்பார்கள். எல்லோரும் "தங்கமான பையன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சொல்வதற்குக் காசா பணமா? நான் யோசித்தேன். அவன் கடைக்காரன். கடைக்காரனை விசாரிக்க அவனிடமே ஒரு சாமான் வாங்கிப் பார்த்தால் போயிற்று. தெரியாத ஆளை ஏய்க்கிறவன் பொண்டாட்டியையும் ஏய்ப்பான்.

எனக்கு நிஜமாகவே ஒரு ராட்செட்டும் தேவையாக இருந்தது. என்னிடம் ஒரு மாரிஸ் மைனர் கார் உண்டு, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார டாக்டரிடம் வாங்கியது. ஒர்க்‌ஷாப்காரன் ஒருவனையும் அதன் மேல் கை வைக்க விட்டதில்லை. விட்டால் நல்ல பிளக்கைக் கழற்றிக்கொண்டு பழையதைப் பூட்டிவிடுவான். எல்லாம் நானே கழற்றி நானே பூட்டுவேன். அந்த இன்ஜினில் கார்புரேட்டருக்கு அடியில் ஒரு நட்டு இருக்கிறது. சாதா ஸ்பானரைப் போட்டால் கொஞ்சம் திரும்புவதற்குள் இடித்துக்கொள்ளும். எடுத்து மறுபடி போட வேண்டும், மறுபடி எடுத்து மறுபடி போட வேண்டும். ஒரு நட்டுக்கு முக்கால் மணி நேரம், விரல் முட்டித் தோல் போனது மிச்சம். ராட்செட் என்றால் அந்த வம்பு இல்லை. ஒரு தடவை மாட்டிவிட்டுக் கையை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ஒரு பக்கம் பிடித்துத் திருப்பும், மறு பக்கம் கரகரவென்று சும்மா ஓடும்.

அவன் பொய்யைப் பிடிக்க வேண்டுமென்றால் ராட்செட்டைப் பற்றி எனக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டுமே. பீச் ரோட்டில் கப்பல் சாமான் விற்கிறவனிடம் போனேன். "ஜெர்மன் அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றான். கண்ணை மூடச் சொல்கிறவனிடம் நான் காதையும் சேர்த்துத் திறந்துவைப்பேன். காதோரம் வைத்து மெதுவாகத் திருப்பினேன். ஒரு சுற்றுக்கு எத்தனை தடவை 'டிக்' என்கிறதோ அத்தனை பல். இருபத்துநாலு வரவேண்டிய இடத்தில் இருபத்திரண்டுதான் வந்தது, இரண்டு பல் மழுங்கிப்போய் வழுக்கியது. தலையைப் பிடித்து அசைத்தால் கிழவி பல் மாதிரி ஆடியது. இன்னொரு பெரிய கடையில் தொடவே விடவில்லை. "தொட்டா எடுத்துக்கிடணும்" என்றான். "உன் கடையில என்ன, தாலியா விக்கே?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை எபனேசர் கடைக்குப் புறப்பட்டேன். மாரிஸில் போக முடியாது, அந்தக் காரை ஊரில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள், நாலு முழ வேட்டி, தோளில் துண்டு. அது போதாது என்று தோன்றியது. மில் வாட்ச்மேன் மாசானத்திடம் கொஞ்சம் திருநீறு கேட்டு வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன்.

"என்ன சார், எங்க பக்கம் வந்துட்டீயளா?" என்றான்.

"வாய மூடுலே" என்றேன். ஆண்டவர் என்னை மன்னிப்பார், ஒரு பெண்ணைப் பெற்றவன் படுகிற பாடு அவருக்குத் தெரியும்.

கடை ஒரு ஆள் நீட்டிப் படுத்தால் நிறைந்துவிடும். பையன் ஒல்லி, கண்ணாடி போட்டிருந்தான். போட்டோவில் இருந்ததைவிடக் கறுப்பு. சரி, அதைக் குறித்துக்கொண்டேன்.

"வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?"

"பேரு பேச்சிமுத்து, ஊரு ஓட்டப்பிடாரம். ராட்செட் ஒண்ணு வேணும் தம்பி."

அவன் பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவனுக்கு அதுதான் சங்கடம், எல்லாம் முந்திக்கொண்டு வந்து விழும்.

"எதுக்கு அண்ணாச்சி?"

"வயல்ல பம்ப்செட் ஓடுது. டீசல் இன்ஜினு. கார்புரேட்டருக்கு அடியில ஒரு நட்டு, பாடாப் படுத்துது."

அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தான். "டீசல் இன்ஜின்ல கார்புரேட்டர் ஏது அண்ணாச்சி?"

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவன் சிரிக்கவில்லை, அது ஒரு மரியாதை. "அது... மச்சினன் காரு" என்று இன்னொரு பொய்யைப் போட்டேன்.

"கார்னா சரி. அந்த இடுக்குல கைப்பிடி எவ்வளவு தூரம் ஆடும்? காட்டுங்க."

மூன்று விரலைச் சேர்த்துக் காட்டினேன். அவன் மூன்று ராட்செட்டை எடுத்து மேசையில் வைத்தான். முதலாவது சிவப்பு வெல்வெட் பெட்டியில், முகம் பார்க்கலாம் போல மினுங்கியது.

"இது நாப்பத்திரெண்டு ரூவா. உங்களுக்கு இது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"மேல் பூச்சுக்குத்தான் வெல. நம்ம ஊரு உப்புக் காத்துல ஒரு ஐப்பசி தாங்காது, பொரிஞ்சிரும். பொரிஞ்ச தகடு கையக் கிழிக்கும். பல்லும் இருபத்திநாலுதான். நீங்க காட்டுன மூணு விரல் ஆட்டத்துல ஒரு பல்லு கூடத் தாண்டாது, சும்மா போயிட்டுப் போயிட்டு வரும்."

"இந்தக் கறுப்பு?"

"பஞ்சாப் பக்கத்துச் சாமான். நல்லா உழைக்கும். ஆனா தலை பெருசு, கார்புரேட்டருக்கு அடியில நுழையாது." மூன்றாவதைக் கையில் எடுத்தான். வெளிறிப்போய், ஆற்றில் கிடந்த கல் மாதிரி இருந்தது. "இது ஹார்பர்ல தூர் வாருத கப்பல்ல இருந்து ஏலத்துல எடுத்தது. பழசுதான், பூச்சு ஒண்ணும் மிஞ்சல. ஆனா முப்பத்தாறு பல்லு. தலை சின்னது. பின்னால ரெண்டு ஸ்க்ரூ இருக்கு பாருங்க, ஸ்பிரிங் போனா நீங்களே கழத்தி மாத்திக்கிடலாம். மத்தது போனா தூரப் போட வேண்டியதுதான். பதினெட்டு ரூவா."

சொன்னதோடு விடவில்லை, ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே இருந்த பல்லை வெளிச்சத்தில் காட்டினான். ஒரு பல் கூட மழுங்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, விரல் நுனியில் கொஞ்சம் எண்ணெய் தொட்டு வைத்தான். "கிரீஸ் அப்பிராதீய அண்ணாச்சி. உள்ள பல்லப் பிடிக்குத கட்டை ஒட்டிக்கிடும், பிறவு வழுக்கும்."

நான் எதைத் தேடி ஒரு வாரம் அலைந்தேனோ அதை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டான். ஆனாலும் விட மனசில்லை. "அப்ப இந்த வெல்வெட் பெட்டிய யாருக்கு விக்கே?" என்றேன்.

"அதுதான் வேணும்னு நிக்கவங்களுக்கு. சொல்ல வேண்டியதச் சொல்லிட்டுத்தான் விப்பேன்."

ராட்செட்டைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன். என் மனசு அப்படி நிறைந்திருந்தது. கிருபை கண்ணுக்குத் தப்பில்லை என்று நினைத்தேன். கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்பது வரை யோசனை ஓடிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் சைக்கிளில் ஏறும்போது கையைக் கூப்பி, "ஸ்தோத்திரம் தம்பி" என்றேன்.

"ஸ்தோத்திரம் ஐயா" என்றான் அவன்.

ரோடு முக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நெற்றியில் திருநீறு, வாயில் ஸ்தோத்திரம்! நாற்பது வருஷப் பழக்கம், விடைபெறும்போது நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. உள்ளே வரும்போது அண்ணாச்சி என்றவன், போகும்போது ஐயா என்கிறான். அட பாவி, கண்டுபிடித்துவிட்டான். எப்போது கண்டுபிடித்தான்? கார்புரேட்டர் என்றபோதே பிடித்திருப்பான். அப்படியானால் அவன் காட்டிய யோக்கியம் எல்லாம் பேச்சிமுத்துவுக்குக் காட்டியது இல்லை, பெண்ணின் தகப்பனுக்குக் காட்டியது. வரப்போகிற மாமனாருக்கு எவன்தான் மட்டச் சாமானைத் தலையில் கட்டுவான்?

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து அந்த நட்டில் ராட்செட்டை மாட்டினேன். நாலு நிமிஷத்தில் நட்டு கையில் வந்துவிட்டது. அது என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

மில் ஸ்டோரில் கிளார்க்காக இருக்கிற செந்தில்வேல் ஸ்ரீவைகுண்டத்துக்காரன். எனக்கும் அவனுக்கும் சொந்தம் இல்லை, ஒரே சபையும் இல்லை, அவனை என்னோடு சேர்த்து யாரும் நினைக்க மாட்டார்கள். தங்கச்சி மாப்பிள்ளை புதிதாக மோட்டார் சைக்கிள் எடுத்திருக்கிறான், அவனுக்கு ஏதாவது டூல் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏலே, கிரேட் காட்டன் ரோட்டுல ஒரு சின்னக் கடை இருக்கு, எபனேசர்னு. அங்கன போயி ஒரு ராட்செட் வாங்கு. என் பேரச் சொல்லாத" என்றேன்.

"ஏன் சார்?"

"சொன்னதச் செய்யி." காரணம் சொல்லவில்லை. சொன்னால் போய் உளறிவிடுவான்.

மறுநாள் வந்தான். பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். சிவப்பு வெல்வெட் பெட்டி!

"கண்ணாடி போட்ட பையன்தானே குடுத்தான்?"

"ஆமா சார், அவன்தான்."

"நாப்பத்திரெண்டு ரூவாயா?"

"ஆமா."

"பாத்தியா! பாத்தியா! எனக்குத் தெரியும்லே!" என்று நான் கத்தியதில் நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். மாமனாருக்கு ஒரு சாமான், ஊரானுக்கு ஒரு சாமான். அன்று சாயங்காலமே நேராக ஜெபசிங் வாத்தியார் வீட்டுக்குப் போய், இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாத்தியார் காரணம் கூடக் கேட்கவில்லை.

வீட்டில் சொன்னேன். கிருபை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கை அப்படியே நின்றுவிட்டது.

"அவரு என்ன தப்புச் செஞ்சாரு?"

சொன்னேன். பேச்சிமுத்துவாகப் போனது, ஸ்தோத்திரம் சொன்னது, செந்தில்வேலை அனுப்பியது, வெல்வெட் பெட்டி வந்தது, எல்லாம்.

"ஒரு இரும்புத் துண்டுக்காகவா அப்பா? அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டீயளா?"

"கேட்டா உள்ளதச் சொல்லிருவானா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சே அற்றுப்போயிற்று. "சாப்பிடுதீயளா", "ஆச்சு", அவ்வளவுதான். அற்புதமணி கூட வாயை மூடிக்கொண்டாள். அவள் திட்டினால் எனக்கு ஜீரணமாகும், திட்டாமல் இருந்தால் பயமாக இருக்கும். உன் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று மகளிடம் சொல்ல நினைத்து, அவள் முகத்தைப் பார்த்ததும் சொல்லாமல் வந்துவிடுவேன்.

பத்து நாள் கழித்து மில் கேன்டீனில் செந்தில்வேல் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"சார், நீங்க சொன்ன கடைக்காரப் பையன் அசல் கிறுக்கன் சார். இப்படி ஒரு யாவாரியை நான் பாத்ததே இல்ல."

"ஏன், ஏச்சுப்புட்டானா?"

"ஏய்க்கவா? அந்த வெல்வெட் பெட்டிய விக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னான். பூச்சு பொரிஞ்சிரும்ங்கான், பல்லு பத்தாதுங்கான். பழைய துருப்பிடிச்ச மாதிரி ஒண்ண எடுத்து வச்சு இதுதான் நல்லதுங்கான். மாப்பிள்ளைக்குக் குடுக்கதுப்பா, மினுங்கலன்னா என் தங்கச்சிக்கு மரியாதை இல்லன்னு நாந்தான் சண்ட போட்டு வாங்கிட்டு வந்தேன்."

டீ கிளாசைக் கீழே வைத்தேன். "இத ஏம்லே அன்னைக்கே சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீய? பெட்டியப் பாத்ததும் பாத்தியா பாத்தியான்னு குதிச்சீய. நான் என்னத்தப் பாக்கணும்னே எனக்குத் தெரியல."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். பத்தொன்பது வருஷத்தில் நான் எழுதிய முதல் அரை நாள் லீவு. இந்தத் தடவை மாரிஸிலேயே போனேன், கடை வாசலில் நிறுத்தினேன். எபனேசர் எழுந்து, "வாங்க ஐயா" என்று ஸ்டூலைத் தூக்கிப் போட்டான்.

"தம்பி, நான் கிருபையோட அப்பா" என்றேன்.

"தெரியும் ஐயா."

உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "என் மேல தப்பு. வேண்டாம்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிடுதேன். மக உன்னை ஆசைப்பட்டுக் கேட்டா. நான்தான் கெடுத்துப்புட்டேன்."

"ஐயா, நீங்க வேண்டாம்னு சொல்லுததுக்கு ஒரு வாரம் முந்தியே நாங்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்றான்.

"என்னது?"

"நீங்க எங்களப் பத்தி விசாரிச்ச மாதிரி எங்க அம்மாவும் உங்களப் பத்தி விசாரிச்சாவ. உங்க தெருவுல, சபையில, மில்லுல. உங்க மகளப் பத்தி ஒருத்தர் ஒரு குறை சொல்லல. உங்க பேர எடுத்தா, 'ஐயோ அவரா'ங்காவ. பால்காரர் அளந்து ஊத்துன பாலை அவரு முன்னாலயே திரும்ப அளக்கீயளாமே. மக ஆபீஸ் விட்டு வார நேரத்த நோட்டுல குறிச்சு வைக்கீயளாமே. நெசமா ஐயா?"

நெசம்தான். ஐந்து நாற்பதுக்கு வரவேண்டியவள் ஆறு நிமிஷம் பிந்தினால் ஏன் என்று கேட்பேன். அது எனக்குத் தப்பாகவே தெரிந்ததில்லை. நான் ஊரை விசாரிக்கிறேன், ஊரும் என்னை விசாரிக்கும் என்பது ஐம்பத்திமூன்று வயதுவரை என் புத்திக்கு எட்டவே இல்லை.

"அப்பவே சொல்லியிருக்கலாமே தம்பி."

"மாப்பிள்ளை வீட்டுக்காரன் வேண்டாம்னு சொன்னா பொண்ணு மேல பேச்சு வரும் ஐயா. என்னமோ குறை இருக்கும்னு ஊரு சொல்லும். 'அவரு எப்படியும் ஒரு குறை கண்டுபிடிச்சுத் தானாவே வேண்டாம்னு சொல்லிருவாரு, அதுவரைக்கும் பொறுத்திரு'ன்னு அம்மா சொன்னாவ. அந்தப் பேச்சு எங்க மேலயே இருந்துட்டுப் போவட்டும்னு இருந்தோம்."

நான் ஏமாற்றுக்காரன் என்று முடிவு கட்டிய பயல், என் மகள் பெயர் கெடக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான்.

"உனக்கு... உனக்கும் வேண்டாமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எனக்கு வருத்தந்தான் ஐயா. ஆனா நான் சொல்லுத ஒவ்வொண்ணையும் திரும்ப அளக்க ஒருத்தர் இருந்தா, அந்த வீட்டுக்கு நான் எப்படி மருமவனா இருப்பேன்? நீங்களே சொல்லுங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் ஒரு எண்ணம் குடைந்தது. இதை வீட்டில் சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? பையனும் வெளியே சொல்லப்போவதில்லை. நான் வேண்டாம் என்றேன், முடிந்தது என்று விட்டுவிடலாம். ஆனால் கிருபை ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியபோது, ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். செந்தில்வேல் சொன்னது, பால்காரர், நோட்டு, எல்லாம். "அவிய வேண்டாம்னது உன்னைய இல்லம்மா. என்னைய" என்றேன். அற்புதமணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

கிருபை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வருத்தம்னு அவரு வாயாலயே சொன்னாரா?"

"சொன்னான்."

மறுநாள் ஐந்து நாற்பதுக்கு அவள் வரவில்லை. ஆறுக்கும் வரவில்லை. நான் கேட்டுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். அற்புதமணி, "உக்காருங்க, கால்தான் வலிக்கும்" என்றாள். ஏழு மணிக்கு வந்தாள். முகம் வியர்த்திருந்தது, ஆனால் பத்து நாளாக நான் பார்க்காத தெளிவு அதில் இருந்தது.

"கடைக்குப் போயிருந்தேன். பிறவு அவிய வீட்டுக்கும் போயி அவரு அம்மாவப் பாத்தேன். பங்குனிக்குள்ள கல்யாணத்த வச்சிக்கிடலாம்னு சொல்லிட்டாவ."

அற்புதமணி "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள். நான் நாற்காலியை இழுத்து மகளுக்குப் போட்டேன்.

"ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு அப்பா. அம்மா எங்க வீட்டுக்கு எப்ப வேணும்னாலும் வரலாம். நீங்க சொல்லி அனுப்பிட்டுத்தான் வரணும். அக்கம்பக்கத்துல எங்களப் பத்தி ஒரு வார்த்த விசாரிக்கக் கூடாது."

சுருக்கென்றது. கோபமும் வந்தது. "இது அவன் போட்டதா, அவன் ஆத்தா போட்டதா?"

"ரெண்டு பேரும் இல்ல. நான் போட்டது" என்றாள் கிருபை. "இப்படிச் செய்வோம்னு நாந்தான் அவியகிட்ட சொன்னேன். அதுக்குப் பிறவுதான் சரின்னாவ."

நான் பெற்ற பிள்ளை. அவள் கண் என் கண்ணை விட்டு விலகவில்லை. கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அலமாரியில் இருந்த வேதபுத்தகத்தை எடுத்து, அதன் மேல் கையை வைத்தேன்.

"சத்தியம் பண்ணுதேன்ம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அதிலிருந்து எடுத்துவிட்டாள். "சத்தியம் எல்லாம் எதுக்குப்பா? நீங்க வாயால சரின்னு சொன்னா போதும். நான் நம்புதேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரி" என்றேன்.